சிறு நன்மையும் பெருந்தீங்கும்

நன்மை சிறிதுமில்லாத செயலை விலக்குவது எளிது. நன்மை மிகுந்த செயலை ஏற்பதும் எளிது. சிறிது நன்மையைக் காட்டிப் பெரிய இழப்பை மறைத்து நிற்கும் செயல்களிலேதான் மனிதனுடைய அறிவும் மன உறுதியும் சோதனைக்குள்ளாகின்றன. இதற்குச் சீட்டாட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சூதை விலக்கிய சமுதாயத்தார் சூதின் நுட்பத்தை ஆராய்வதா என்று அன்பர்கள் வினவலாம். திட்டக்குடி போன்ற ஊர்களிலும் கைபேசி வழியாக இவ்வாட்டங்கள் பிள்ளைகளின் தலையணை அருகே வந்து சேர்ந்ததை அண்மை ஆண்டுகளில் நாம் கண்டோம். அறியாமல் கண்டிப்பதைவிட அறிந்து விலக்குவதே பயன் தரும்.

டெக்ஸாஸ் ஹோல்டம் என்பது போக்கர் ஆட்டத்தின் ஒரு வகை. ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் முதலில் மூன்றும், அடுத்து ஒன்றும், இறுதியில் ஒன்றுமாக ஐந்து சீட்டுகள் பொதுவில் விரிக்கப்படும். இவ்வேழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். ஐந்தும் ஒரே இனமாக அமைவது உயர்ந்த சேர்க்கைகளுள் ஒன்று. ஒருவர் கையில் இஸ்பேட் ஜாக்கியும் இஸ்பேட் எட்டும் வந்தன என்று கொள்வோம். இது உயர்ந்த கையுமன்று, முற்றிலும் கழிக்கத்தக்கதுமன்று. இரண்டும் ஒரே இனம் என்பதே இதன் கவர்ச்சி.

அக்கவர்ச்சியின் எடை என்ன? விரிக்கப்படும் முதல் மூன்று சீட்டுகளும் இஸ்பேட்டாகவே அமைவது ஏறத்தாழ 119 முறைக்கு ஒரு முறை. ஐந்து சீட்டுகளும் விரிந்து முடியும் வரை பொறுத்திருந்தாலும், இஸ்பேட் சேர்க்கை கைகூடுவது நூற்றுக்கு ஆறு முறைக்குச் சற்றே மிகுதி. எதிரில் ஒருவரே இருக்கும்போது கூட, வேறு வேறு இனமான ஜாக்கி எட்டைவிட ஒரே இன ஜாக்கி எட்டு தரும் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே கூடுதல். கைகூடிய பின்னும், ராணியோ ராஜாவோ ஏஸோ இஸ்பேட்டில் வைத்திருப்பவர் எதிரே அமர்ந்திருக்கலாம். ஒன்றும் சேராதவன் சிறு தொகையோடு விலகிக்கொள்கிறான். இரண்டாம் தரச் சேர்க்கையை நம்பியவனே பெருந்தொகையை இழக்கிறான். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள், தமக்கு முன் பேசியோரின் போக்கை அறிந்து கடைசியில் பேசும் இடத்தில், குறைந்த செலவில் மட்டுமே இத்தகைய கையை ஆடுவர். மற்ற வேளைகளில் பெரும்பாலும் கவிழ்த்து வைத்துவிடுவர்.

இதில் திறமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. நீதிமன்றங்களும் மறுக்கவில்லை. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டமாகக் கருதியது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் இசைவைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா தற்செயலா என்ற வேற்றுமை பாராட்டாமல், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது.

திறமை இருந்தால் அதன் ஆதாயம் தூயதாகிவிடுமா? இதுவே நமது வினா. பொறுமையும் கணக்கும் பிறர் மனமறியும் கூர்மையும் நற்பண்புகளே. ஆனால் ஒரு பண்பின் மதிப்பு அது எதற்குத் தொண்டு செய்கிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளாற்றின் நீரில் அசையாது நிற்கும் கொக்கிற்கும் பொறுமை உண்டு. மீனுக்கு அதனால் நன்மை ஏது? தேர்ந்தவன் காத்திருப்பது தேராதவனுடைய தவறுக்காகவே. ஆட்டத்தை நடத்தும் நிறுவனமும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது இழப்பே.

உழவும் சூதுதானே என்று சிலர் கேட்பர். வெலிங்டன் ஏரியில் நீர் குறைந்திருக்கும் ஆண்டில் விதைப்பவனும் துணிகிறான்தான். ஆயினும் அவன் வயல் விளைந்தால் அடுத்த வயல் கருகுவதில்லை. உலகில் புதிதாய் நெல் பிறக்கிறது. சூதில் புதிதாய் ஒரு மணியும் பிறப்பதில்லை. ஒருவன் பையிலிருந்து மற்றொருவன் பைக்குப் போவதே அதன் விளைச்சல்.

அரபியில் சூதிற்கு 'மைஸிர்' என்பது பெயர். எளிமை என்னும் பொருளுடைய 'யுஸ்ர்' என்பதிலிருந்து அது பிறந்தது என்பாருமுளர். உழைப்பின்றி எளிதில் வரும் பொருள் என்பது கருத்து. அறியாமைக் கால அரபியர் அறுத்த ஒட்டகத்தின் பங்குகளுக்காக அம்புகளைக் கொண்டு ஆடினர். வென்றோர் அவ்விறைச்சியை வறியோர்க்கு வழங்கியதும் உண்டு என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். திருமறையின் இரண்டாம் அத்தியாயம் மதுவையும் சூதையும் பற்றிப் பேசுகையில் அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறைக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பயனினும் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. பின்னர் ஐந்தாம் அத்தியாயத்தில் முற்றாக விலக்குகிறது. நன்மையை ஆதாயமாகத் தேடுவதைவிடத் தீமையைத் தடுப்பதே முந்தியது என்று நம் சட்ட அறிஞர்கள் வகுத்த விதியும் இதன்வழிப்பட்டதே.

ஆகவே பிள்ளைகளிடம் பேசும்போது, அந்த ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லற்க. அவர்கள் ஒருமுறையேனும் வென்றிருப்பார்கள். உடனே நம் சொல்லின் மதிப்புக் குறையும். வென்றது உண்மையே, அந்த வெற்றிதான் தூண்டில் இரை என்று சொல்லுங்கள். சூதின் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு வள்ளுவர் ஒப்பிட்டதையும் எடுத்துக்காட்டுங்கள். நூற்றுக்கு மூன்று என்னும் கூடுதல் வாய்ப்பை நம்பி மாதச் சம்பளத்தை வைக்கலாமா என்று அவர்களையே கணக்கிடச் செய்யுங்கள். ஐயத்திற்குரிய கையைக் கவிழ்த்து வைப்பதுதான் அவ்வாட்டத்தின் தலையாய திறமை என்று அதில் தேர்ந்தவர்களே கூறுகின்றனர். அந்த அறிவை இன்னும் ஓரடி முன்னே எடுத்துச் சென்றால், ஆட்டத்தில் அமராமலே இருக்கலாம்.