அடுத்த வீட்டுச் சூடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் நம் ஊரில் என்ன கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் எப்படி? காற்று வருமா? வீட்டுக்காரர் மாடியிலேயே குடியிருக்கிறாரா? தெற்கே ஒரு ஜன்னல் இருந்துவிட்டால், தென்றல் வரும் என்று ஐந்து ரூபாய் கூடக் கொடுக்கவும் மனம் வரும். பனி பெய்யும் தேசங்களிலும் தெற்கு ஜன்னலைத்தான் தேடுகிறார்கள். ஆனால் காற்றுக்காக அல்ல, வெயிலுக்காக. கனடாவின் டொரன்டோ நகரில் டிசம்பர்க் கடைசியில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து சுமார் 23 டிகிரி உயரத்துக்குத்தான் வருகிறது. தாழ்ந்து வரும் அந்த வெயில் தெற்கு ஜன்னல் வழியாக அறையின் கடைசிச் சுவர் வரையில் வந்து விழும். வடக்கு ஜன்னல்காரருக்குக் குளிர்காலம் முழுவதும் அந்தப் பாக்கியம் இல்லை.

அங்கே வீடு பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “வாடகையில் வெப்பமும் சேர்த்தியா?” என்பது. சேர்த்தி என்றால், குளிர்மாதங்களில் வீட்டுக்குள் 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை என்று டொரன்டோவில் நகரச் சட்டமே இருக்கிறது. சென்னையில் மார்கழி விடியற்காலையில் ஏறக்குறைய அதே 21 டிகிரிதான். நாம் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு நடுங்குகிறோம்! நியூயார்க்கிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு. அக்டோபர் 1 முதல் மே 31 வரையில், வெளியே என்ன குளிராக இருந்தாலும் சரி, இரவில் வீட்டுக்குள் 62 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. வெப்பம் என்பது வீட்டுக்காரர் மனம் இரங்கிக் கொடுக்கும் தானம் அல்ல, குடியிருப்பவருக்குச் சேரவேண்டிய உரிமை என்பதை அந்த ஊர்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நல்ல விஷயந்தான்.

வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள வழக்கைச் சட்டம் தீர்த்துவிடும். குடியிருப்பவருக்கும் அடுத்த வீட்டில் குடியிருப்பவருக்கும் உள்ள வழக்கைத் தீர்ப்பது யார்?

என் தங்கை மகன் டொரன்டோவில் வேலை பார்க்கிறான். நான் அங்கே போயிருந்த சமயம், கைக்குழந்தையோடு வேறு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு வீடுகள் காலி. ஒன்று உச்சி மாடியில், மூலை வீடு. மற்றது மூன்றாவது மாடியில், நடு வீடு. அங்கே வாடகையில் வெப்பம் சேர்த்தி இல்லை. அவரவர் வீட்டில் மின்சாரச் சூட்டடுப்பு, அவரவருக்குத் தனி மீட்டர். வீடு காட்ட வந்தவர் நடு வீட்டைத்தான் சிபாரிசு செய்தார். மூலை வீட்டுக்கு இரண்டு பக்கம் வெளிச்சுவர், தலைக்கு மேலே பனி மூடிய கூரை. நடு வீட்டுக்கோ ஒரே ஒரு வெளிச்சுவர். மற்ற எல்லாப் பக்கமும் மனிதர்கள். “பக்கத்து வீட்டில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். வயதானவள், எப்போதும் சூட்டைக் கூட்டியே வைத்திருப்பாள். நீங்கள் உங்கள் அடுப்பைப் போடவே வேண்டியிருக்காது!” என்றார்.

மருமகனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பார்த்தீர்களா மாமா, சும்மா கிடைக்கிற சூடு” என்றான். அவன் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “அந்தப் பாட்டி காசிலேயா என் பிள்ளை குளிர் காயணும்?” என்றாள்.

அவன் சொன்ன சமாதானத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. “நான் எதையும் திருடவில்லையே! சூடு சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகிறது, அது இயற்கை. அடுத்த வீட்டு வேப்பமரத்து நிழல் நம் முற்றத்தில் விழுந்தால் அதற்கு வாடகை கொடுக்கிறோமா?”

அவன் சொன்ன நிழலையே எடுத்துக்கொள்வோம். நான் நிழலில் உட்காருவதால் மரத்துக்காரருக்கு நிழல் குறைவதில்லை. அவர் வீட்டு வானொலியில் வரும் கச்சேரியை என் திண்ணையிலிருந்து கேட்டால் அவருக்குச் சங்கீதம் குறைவதில்லை. தெருவிளக்கில் ஒரு பிள்ளை படித்தால் விளக்கு மங்குவதில்லை. சூடு அப்படிப்பட்டதல்ல. நான் என் அடுப்பை அணைக்க அணைக்க என் அறை குளிர்கிறது. கிழவியின் சுவர் வழியாக அவள் சூடு அதிகமாக இந்தப் பக்கம் வருகிறது. அதை ஈடுகட்ட அவள் அடுப்பு இன்னும் அதிக நேரம் எரிகிறது. என் மீட்டர் நிற்கிறது, அவள் மீட்டர் ஓடுகிறது. கொடுப்பவருக்குக் குறையாத நன்மை வேறு, கொடுப்பவருக்குக் குறைந்துபோகும் நன்மை வேறு. இரண்டையும் ஒரே பெயரிட்டு அழைப்பதில்தான் மனிதனுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

அப்படியானால் நடு வீட்டுக்குப் போவதே பாவமா? அப்படிச் சொல்வதற்கில்லை. யாராவது ஒருவர் நடுவில் இருந்துதான் ஆகவேண்டும். எல்லோரும் தத்தம் அடுப்பைப் போட்டிருந்தால், நடு வீட்டுக்காரருக்குச் செலவு குறைவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவரும் தம் சூட்டால் இரு புறத்தாரையும் காக்கிறார். பழுது வீட்டில் இல்லை, அடுப்பை அணைக்கிற கையில் இருக்கிறது. கட்டடத்தில் உள்ள அத்தனை பேரும் அடுத்தவர் சூட்டை நம்பி அடுப்பை அணைத்துவிட்டால் என்ன ஆகும்? சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். எல்லோரும் செய்தால் எல்லோரையும் கெடுக்கும் ஒரு காரியத்தை ஒருவன் மட்டும் செய்து லாபம் அடைகிறான் என்றால், மற்றவர்களின் நாணயத்தைத்தான் அவன் செலவழிக்கிறான்.

ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைய மேற்கு ஜெர்மனியில் 1981-ஆம் ஆண்டு ஒரு விதி வந்தது. பொது உலையிலிருந்து பல வீடுகளுக்குச் சூடு போகும் கட்டடங்களில், செலவில் குறைந்தது 50 விழுக்காடு, மிஞ்சினால் 70 விழுக்காடு, அவரவர் உபயோகித்த அளவைப் பொறுத்தது. மீதியை வீட்டின் பரப்பு முதலியவற்றைக் கொண்டு எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிக்கனத்தைத் தூண்டுவதற்காக வந்த விதி. ஆனாலும் முழுத் தொகையையும் மீட்டரிடம் ஒப்படைத்துவிடாமல் ஒரு பங்கை எல்லோருக்கும் பொதுவாக வைத்ததில் ஒரு ஞானம் தெரிகிறது. எங்கே என் சூடு முடிந்து எங்கே உன் சூடு ஆரம்பிக்கிறது என்று எந்தச் சுவரும் சொல்லாது.

கடைசியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அடுப்பை அணைப்பவன் கஞ்சனாக இல்லாமல், கட்டணம் கட்ட வழியில்லாத ஏழையாக இருந்தால்? சுவருக்கு இருவரும் ஒன்றுதான். மனிதனுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. இல்லாதவன் வீட்டுக்குள் போகும் சூட்டைக் கணக்குப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் மனிதத் தன்மை. ஆனால் அவ்வாறு விட்டுக்கொடுக்கும் உரிமை சூட்டுக்கு உடையவரைச் சேர்ந்தது. இருக்கிறவன் அதைத் தானாகவே எடுத்துக்கொண்டு, ‘அவள் கொடுத்தாள்’ என்று சொல்வது தர்மத்தைக் கேலி செய்வதாகும்.

அவர்கள் நடு வீட்டையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஒரு நிபந்தனை போட்டாள்: அடுப்பு 21 டிகிரியிலேயே இருக்க வேண்டும், பாட்டி ஊருக்குப் போனாலும் சரி, இருந்தாலும் சரி. மருமகன் முதலில் முணுமுணுத்தான், பிறகு ஒப்புக்கொண்டான்.

குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த பேகனை நாம் வள்ளல் என்று இன்றும் புகழ்கிறோம். இரவில் அடுத்தவர் போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல் படுத்திருப்பவனுக்குப் பட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் ஆறு மாடிக் கட்டடத்தில் நூறு குடும்பங்கள் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க வேண்டுமானால், ஒரு பேகன் போதாது. இந்தப் பெயரில்லாத மனிதர்கள் நூறு பேர் வேண்டும்.