நம்பிக்கையும் மூன்றாவது விண்மீனும்

ஏற்காட்டின் செம்மநத்தத்தில் கணினித் தொலைநோக்கியை நிறுவுகிறவர், இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, சித்திரையையும் சுவாதியையும் பார்வையின் நடுவில் நிறுத்தி உறுதிசெய்கிறார். அந்த இரண்டை நம்பியே கருவி மற்ற விண்மீன்களின் இடத்தைக் கணக்கிடுகிறது. முதலில் எதையாவது ஏற்றுக்கொள்ளாமல் அறிவு தொடங்குவதில்லை.

அப்படியானால் அறிவியலும் மதநம்பிக்கைதானே என்று கேட்கலாம். தொடக்கம் ஒன்றுதான்; வேறுபாடு அடுத்த அடியில் இருக்கிறது. சுவாதியென்று வேறொன்றைக் காட்டியிருந்தால், அடுத்துத் தேடும் கேட்டை பார்வைக்குள் வராது. பிழை அங்கேயே வெளிப்படும். எதிர்பார்ப்பிலிருந்து விலகுவதையும் அறிவியல் ஒதுக்கிவிடுவதில்லை. 1977இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைப்பதைக் காணக் காத்திருந்த காவலூர் வானாய்வக ஆய்வாளர்கள், அந்த விண்மீன் எதிர்பாராமல் மங்கியதைப் பதிவுசெய்தார்கள். பிற ஆய்வகங்களின் பதிவுகளும் சேர, யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தன. நம்புவது குற்றமல்ல, நம்பியதைச் சோதிக்க மறுப்பதே குற்றம். உண்மையான பக்திக்கும் அந்தச் சோதனையைக் கண்டு அச்சம் வேண்டியதில்லை.