நடுவில் நிற்கும் சுவிட்ச்

மழை குறைந்த, காய்ந்த காற்று. சிவகாசிக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் கொடுத்தது அதுதான். சர்வர் அறைக்கு மட்டும் அது ஆகாது. ராக்கின் பின்னால் நின்று கன்சோல் கேபிளைச் சொருகினால் வேர்வை வழியும். ஆனால் கறுப்புத் திரையில் சுவிட்சின் பெயர் வந்து நின்றதும், வெளியே லாரி புக்கிங் சத்தம் அடங்கிப்போகிறது. கட்டளை வரியில் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் யோசிக்க முடியும்.

*

புதிதாக வந்த கணினிக்கு முகவரி இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, 255.255.255.255 என்று எல்லோரையும் நோக்கிக் கூவுகிறது: யாராவது ஒரு முகவரி கொடுங்கள். முகவரி வழங்கும் டிஎச்சிபி முறையின் தொடக்கம் இவ்வளவுதான். 1985இல் வந்த பூட்பி நெறிமுறையை வளர்த்து 1993இல் இதை உருவாக்கினார்கள். இன்றும் நாம் நம்பியிருக்கும் வடிவத்தை 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2131 ஆக எழுதியவர் ரால்ஃப் டிராம்ஸ்.

அந்தக் கூவல் தன் விலானை, அதாவது சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தன் தனி வலையை, தாண்டாது. பில்லிங் கணினிகள் விலான் 20இல், முகவரி கொடுக்கும் சர்வர் விலான் 10இல் என்றால் தொண்டை வறளக் கூவினாலும் பதில் வராது. கடைசியில் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

*

வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டாசு ஆலை என்பது ஒரே பெரிய கட்டடம் அல்ல. பொட்டல் வெளியில் இடம் விட்டு இடம் விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். மருந்து கலக்குவது ஓர் அறை, செலுத்துவது வேறோர் அறை. ஓர் அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவக் கூடாது.

விலான் பிரிக்கும்போது அந்த அறைகள் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் துணிச்சல் எனக்கில்லை. என் பிரிவினை தவறினால் பில் நிற்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிரித்து வைப்பதன் நியாயத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

*

பிரித்த விலானைத் தாண்டிக் கூவலைச் சர்வரிடம் சேர்க்க இரண்டே வரி. ‘இன்டர்ஃபேஸ் விலான் 20’. அதற்குள் ‘ஐபி ஹெல்பர்-அட்ரஸ் 192.168.10.5’. சிஸ்கோ சுவிட்சில் ரிலே என்பது இதுதான். வரியைப் போட வேண்டிய இடம் கேட்பவர்களின் விலான். சர்வர் இருக்கும் விலான் அல்ல.

அதன்பின் நடப்பது எனக்கு அலுப்பதே இல்லை. சுவிட்ச் கூவலைக் கேட்கிறது. முகவரி கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. பாக்கெட்டில் ஜிஐ-அட்ரஸ் என்றொரு கட்டம் காலியாக வரும். அதில் 192.168.20.1 என்று தன் விலான் முகவரியை எழுதி, ஊரைக் கூட்டிய கூவலை ஒருவருக்கான கடிதமாக்கி, சர்வரின் போர்ட் 67க்கு அனுப்புகிறது. சர்வர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து, அதாவது எந்த முகவரித் தொகுப்பிலிருந்து, எடுப்பது என்று முடிவு செய்கிறது. யார் கேட்டது என்பதோடு எங்கிருந்து கேட்டது என்பதும் சேர்ந்து போனால்தான் சரியான பதில் வரும். நான்கு பைட் அளவுள்ள அந்தக் கட்டம் இல்லையென்றால் ரிலே என்ற ஏற்பாடே இல்லை.

பதில் வருவதும் அந்த முகவரிக்குத்தான். சர்வருக்கு 192.168.20.1க்குத் திரும்பும் வழி தெரியாவிட்டால் ரிலே சரி, ஸ்கோப் சரி, முகவரி மட்டும் வராது. பலர் சுவிட்சையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். சர்வரின் கேட்வேயை முதலில் பாருங்கள்.

*

முகவரி கிடைப்பது குத்தகைக்குத்தான். கிடைத்த கணினி, அந்தக் குத்தகையின் பாதிக் காலத்தில் புதுப்பிக்கும்போது சர்வரிடம் நேராகவே பேசிவிடும். அப்போது ரிலேக்கு வேலை இல்லை. யாராவது அந்த வரியை அழித்தாலும் பழைய கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அடிபடுவது புதிதாக வருபவர்தான். ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் குவியும்போதோ, தீபாவளிக்கு முன் பில் போடத் தற்காலிக ஆட்கள் வந்து உட்காரும்போதோதான் குட்டு வெளிப்படும். ‘நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது அண்ணாச்சி’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆகவே பழைய கணினியை வைத்து ரிலேயைச் சோதிக்காதீர்கள்.

*

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த ஹெல்பர் வரி டிஎச்சிபியை மட்டும் கடத்துவதில்லை. சிஸ்கோ ஐஓஎஸ்ஸின் இயல்பு அமைப்பில் 37, 49, 53, 67, 68, 69, 137, 138 என எட்டு யுடிபி போர்ட்டுகளின் கூவலும் சர்வருக்குப் போகும். டைம், டேகாக்ஸ், டிஎன்எஸ், டிஎஃப்டிபி, நெட்பயாஸ் எல்லாம் இதில் சேர்த்தி. இவ்வளவு பாடுபட்டுப் பிரித்துவிட்டு, ஒரு வழி திறக்கப் போய் எட்டைத் திறந்துவைப்பது முறையல்ல. ‘நோ ஐபி ஃபார்வர்ட்-புரோட்டோகால் யுடிபி’ என்று எழுதி, பக்கத்தில் வேண்டாத போர்ட் எண்ணைப் போட்டு ஒவ்வொன்றாக மூடுங்கள். 67ஐயும் 68ஐயும் விட்டுவிடுங்கள். பிறகு மறக்காமல் ‘ரைட் மெமரி’ அடியுங்கள். இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.