ஆட்டிடம் யார் மன்னிப்புக் கேட்பது?

சென்ற விடுமுறையின்போது, முன்பு நம் மத்ரஸாவில் ஓதிய மாணவி ஒருத்தி தன் அத்தாவுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தாள். பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையைச் சார்ந்த ஊர் அவளுடையது. இப்பொழுது கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு பயில்கிறாள். 'மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு கிடைக்கவில்லை. மாட்டு வைத்தியம்தான் கிடைத்தது' என்று உறவினர் இன்னமும் குறைபட்டுக்கொள்கிறார்களாம். மூலிகைகளைப் பற்றிப் பெருநூல் இயற்றிய ஸ்பெயின் தேசத்து இப்னுல் பைத்தாரை அவர்கள் அறியார் போலும். அரபியில் 'பைத்தார்' என்றால் கால்நடை வைத்தியன். அப்பேரறிஞர் 'கால்நடை வைத்தியனின் மகன்' என்ற பெயராலேயே உலகில் அறியப்படுகிறார். நிற்க. அந்தப் பெண் நம்மிடம் கொண்டுவந்த விஷயம் அதுவன்று.

"ஹஜ்ரத், நரம்பில் ஊசி ஏற்றப் பழகுவதற்காக எங்கள் குழுவுக்கு ஒரு செம்மறியாட்டைக் கொடுத்தார்கள். அதற்கு நோய் ஒன்றுமில்லை. எனக்கு இரண்டு முறை ஊசி தவறியது. மூன்றாம் முறைதான் இரத்தம் வந்தது. வெள்ளாடாக இருந்தால் கத்தியிருக்கும். அது கத்தவேயில்லை. மனிதனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆட்டிடம் யார் மன்னிப்புக் கேட்பது?"

"கால்நடைகள் மனிதனின் பயனுக்காகவே படைக்கப்பட்டவை. உன் நிய்யத்து நல்லது. மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே" என்று நாம் உடனே சொல்லிவிட்டோம். "சரி ஹஜ்ரத்" என்று அவளும் எழுந்து போனாள். போன பிறகுதான், கேட்ட வேகத்திலேயே விடை சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல் நம்மைப் பற்றிக்கொண்டது.

இக்கேள்வி இனி நம் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடியது. சென்னையில் 1903இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றே நெடுங்காலம் நம் மாநிலத்தில் இருந்தது. 1985இல் நாமக்கல்லில் இரண்டாவது கல்லூரி வந்தது. இத்துறைக்கென நாட்டிலேயே முதலாவதான பல்கலைக்கழகம் 1989இல் சென்னையில் அமைந்தது. 2012இல் ஒரத்தநாட்டிலும் கல்லூரி எழுந்தது. பெரம்பலூர்ப் பிள்ளைகள் மேற்கே நாமக்கல்லுக்கும், அரியலூர்ப் பிள்ளைகள் கொள்ளிடம் கடந்து ஒரத்தநாட்டுக்கும் சென்று பயிலலாம். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதில் ஏட்டில் உள்ளது பாதி. மீதி விலங்கின் உடலில் உள்ளது.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினோம். மனிதனுக்கு இழைத்த தவற்றுக்கு அவனிடமே மன்னிப்புப் பெறலாம். வாயில்லாப் பிராணியிடம் அதற்கு வழியில்லை. ஆகவே அதன் வழக்கு மறுமையில் கடினமானது என்று ஹனபி பிக்ஹு நூல்கள் எச்சரிக்கின்றன. கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து அந்நாளில் நியாயம் பெற்றுத் தரப்படும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவிப்பே. நம் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் மேயும் 'திருச்சிக் கறுப்பு' இனச் செம்மறிகளில் கிடாவுக்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை. அந்தப் பட்டிகளைக் கடந்து மத்ரஸாவுக்குப் போய்வந்த நாம், இந்த ஹதீஸை எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். ஆட்டுக்கு ஆட்டிடமே வழக்குண்டு எனில், ஊசி பிடித்த கைக்கு இல்லாமற் போகுமா என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

'பக்ரீதில் அறுத்து உண்ணுகிறோம்; ஓர் ஊசிக்கா இத்தனை விசாரம்?' என்று நம் வாசகர் சிலர் கேட்கலாம். அந்த அனுமதியைச் சற்று உற்று நோக்க வேண்டும். கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அதனையும் பிராணியின் கண்முன் தீட்டலாகாது. உயிரைப் பறிக்க அனுமதித்த மார்க்கம், வீண் வேதனைக்கு அனுமதிக்கவில்லை. எனவே அறுக்கலாம் என்பதிலிருந்து குத்தலாம் என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் ஷாபிஈ இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை எழுதிவைத்தார்கள். மூத்துத் தளர்ந்தோ நோயுற்றோ இனிப் பயன்படாது என்றாகிவிட்ட விலங்குக்கும் தீனியளிக்கும் கடமை உண்டு என்பது அவற்றுள் ஒன்று. பயனுக்காகவே படைக்கப்பட்டவை என்ற நம் அவசர விடைக்கு இதுவே போதிய மறுப்பு. பயன் தீர்ந்த பின்னரும் உரிமை தீரவில்லையே!

ஆயினும் அவள் ஊசியைக் கையில் எடுக்காமலே இருந்திருக்கலாமா என்றால், அதுவும் இயலாது. பழகாத கையின் தவற்றை நோயுற்ற முதல் ஆடு சுமக்க நேரும். அது இன்னும் கொடிது. இங்கே ஒரு பழைய செய்தி நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. மாடுகளை மந்தை மந்தையாக மாய்த்த வெக்கை நோயை நம் பாட்டன்மார் அறிவார்கள். இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசர் ஆய்வகத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பார், அந்நோயின் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கென வரிசையாகச் செலுத்தி, அதன் வீரியத்தை மாட்டுக்குத் தாங்குமளவு குறைத்தார். அந்த ஆடுகளின் உடலிலிருந்தே மாடுகளுக்குத் தடுப்பு மருந்து கிடைத்தது. பின்னர் வேறு மருந்துகளும் வந்தன. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் ஒழித்த நோய் அது ஒன்றே.

மாடுகள் பிழைத்தன, உழவர் பிழைத்தனர். முக்தேசரின் ஆடுகளுக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. அச்செயல் கூடாததென்று நாம் கூறமாட்டோம். எண்ணற்ற உயிர்களைக் காத்தது அது. ஆனால் ஆகுமானது என்பதால் கடன் இல்லை என்றாகிவிடாது. பசியால் உயிர் போகும் நிலையில் பிறர் உணவை எடுத்து உண்டவன் குற்றவாளியல்லன். எனினும் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும் என்பதே பிக்ஹு அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. கல்விக்காக விலங்கை நோகச் செய்வதையும் இவ்வகையிலேயே வைக்கத் தோன்றுகிறது.

நிர்ப்பந்தம் தரும் அனுமதி அதன் அளவோடு நின்றுவிடும் என்பதும் பிக்ஹின் விதி. 1960ஆம் ஆண்டின் இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இக்கருத்துக்கு அருகில் வருகிறது. நூலாலும் மாதிரி உருவத்தாலும் படத்தாலும் கற்க இயலுமாயின் கல்விக்கூடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றும், கைத்திறன் பெறுவதற்கென்று மட்டும் அது நடத்தப்படலாகாது என்றும் கூறுகிறது. ஊசி பழகுவது சோதனையா பயிற்சியா என்று வழக்கறிஞர் வாதிடட்டும். செயற்கைக் கழுத்தில் முதலில் பழகிவிட்டுப் பின்னர் உயிருள்ள கழுத்தைத் தொட வழியிருக்கும்போது, அந்த முதலிரண்டு குத்தும் ஆட்டுக்கு எதற்கு?

அவள் கல்லூரிக்குத் திரும்புமுன் மீண்டும் அழைத்து, நம் முதல் விடை பிழை என்பதை ஒப்புக்கொண்டோம். அந்த ஆட்டுக்குச் செலுத்த வேண்டியதை அதன் இனத்துக்குச் செலுத்தலாம் என்றோம். ஆட்டுக்கொல்லி நோய் பரவும் காலத்தில் அரியலூர்ப் பக்கத்துப் பட்டி எதிலிருந்தாவது ஏழை இடையர் ஒருவர் நள்ளிரவில் கூப்பிட்டால், கூலியைக் கேளாமல் எழுந்து போவது அத்தகையது. "போகப் போகப் பழகிவிடும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள், ஹஜ்ரத்" என்றாள். கைக்குப் பழகட்டும், மனத்துக்குப் பழக வேண்டாம் என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்தாள். "விலை கொடுப்பதென்றால் அதற்கே கொடுக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"அது எந்த ஆடென்று இனி உனக்குத் தெரியுமா?"

"தெரியும், ஹஜ்ரத். காதில் போட்டிருந்த எண்ணை அன்றைக்கே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்" என்றாள்.