நன்றியும் நடுவுநிலைமையும்: பொது ஒலிபரப்பு பற்றி

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11-ஆம் அதிகாரம். நடுவுநிலைமை 12-ஆம் அதிகாரம். இந்த வரிசைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். உதவி செய்தவரின் நன்றியை நினைக்கும் இடத்தில்தான் நடுவுநிலைமை குலையும். அந்த இடத்திலும் அது குலையக் கூடாது என்பதற்காகவே நன்றிக்குப் பின் அது வைக்கப்பட்டது என்கிறார். அவர் காலத்தில் இது சான்றோருக்கும் அவைக்களத்தாருக்கும் உரிய பேச்சு. பொதுமக்கள் பணத்தில், அரசின் கை வழியாகச் சம்பளம் பெற்று, அந்த அரசைப் பற்றியே நாள்தோறும் செய்தி சொல்ல வேண்டிய வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இதைவிடப் பொருத்தமான அறச்சிக்கல் வேறில்லை. சோறு போட்டவனைப் பற்றி உண்மை பேசுவது நன்றிகேடா, கடமையா?

தமிழ் மரபில் இதற்கு ஒரே விடை இல்லை. கம்பனின் கும்பகருணன் அண்ணன் செய்தது தவறு என்று அவன் முகத்துக்கு நேரே இடித்துரைக்கிறான். பிறகு அவனுக்காகவே போருக்குப் போய் உயிரை விடுகிறான். செஞ்சோற்றுக் கடன் என்று அதைப் போற்றுகிறோம். வீடணன் விலகிப் போனான். அறத்தின் பக்கம் நின்றவன் என்ற பெயரோடு, காட்டிக் கொடுத்தவன் என்ற ஏச்சும் அவனுக்கு இன்றுவரை உண்டு. அரசு வானொலியில் செய்தி எழுதுகிறவருக்கு இவ்விரண்டு வழியும் உதவாது. அவர் போருக்கும் போக முடியாது, விலகியும் போக முடியாது. மறுநாள் காலையில் அடுத்த செய்தி அறிக்கை இருக்கிறது.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்டது. பாபநாசம் மலையடிவாரம் முதல் கடற்கரை ஊர்கள் வரை அதன் குரல் எட்டியது. வயலும் வாழ்வும், சந்தை நிலவரம், மீனவர்களுக்கு வானிலை எச்சரிக்கை என்று, கட்சி வேறுபாடு எதுவும் நுழைய முடியாத செய்திகளே அதன் பெரும்பகுதி. பின்னாளில் சென்னையிலிருந்து ‘இன்று ஒரு தகவல்’ சொல்லித் தமிழகமெங்கும் அறியப்பட்ட தென்கச்சி கோ. சுவாமிநாதன் இந்த நிலையத்தில் வேளாண் ஒலிபரப்பில் பணியாற்றியவர். பொது ஒலிபரப்பின் சார்பு பற்றிய வாதங்கள் செய்தியறிக்கையை மட்டுமே பிடித்துக்கொண்டு நடப்பதால், வானொலி நாள் முழுக்க என்ன செய்கிறது என்பது மறந்துபோகிறது. பூச்சிமருந்து அளவு சொல்வதில் நடுவுநிலைமைக்குச் சோதனை இல்லை. சோதனை வேறு இடத்தில் வருகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய தனியார் கம்பெனி, கேட்பவர்கள் ஆண்டுக்குக் கட்டிய 10 ரூபாய் லைசன்ஸ் கட்டணத்தில் ஒரு பங்கை நம்பி நடந்தது. கட்டணம் கட்டியவர்கள் சில ஆயிரம் பேர். 1930-இல் கம்பெனி முழுகியது. அரசு அதை ஏற்றது. 1936-இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. விடுதலைக்குப் பின்னும் ரேடியோ வைத்திருந்தவர்கள் அஞ்சலகத்தில் போய் லைசன்ஸ் கட்டி வந்தார்கள். ஆனால் வானொலி அரசுத் துறையாக இருந்ததால், அதன் செலவு பட்ஜெட்டில் எழுதப்பட்ட தொகையாகவே இருந்தது. கேட்பவன் கட்டும் காசுக்கும் பேசுபவன் வாங்கும் சம்பளத்துக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. 1980-களில் ரேடியோ லைசன்ஸும் ஒழிந்தபோது, அந்தப் பெயரளவு உறவும் போயிற்று. யாருக்கும் வருத்தமில்லை, காசு மிச்சம் என்றுதான் நினைத்தார்கள்.

இங்கே தாமிரபரணிப் பாசனத்தைப் பார்ப்பது பயன்தரும். கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வழியாக ஆற்று நீர் கால்களில் பிரிந்து வயல்களுக்குப் போகிறது. கார், பிசானப் பருவங்களில் எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்பது ஊருக்குள் நீர்பாய்ச்சியின் கையில் இருந்தது. அவருக்குக் கூலி தனியொரு பண்ணையார் கொடுப்பதில்லை. அறுவடை முடிந்ததும் களத்தில் ஒவ்வொரு நிலக்காரரும் தத்தம் பங்கு நெல்லை அளந்து கொடுத்தனர். இப்படிக் களத்தில் கொடுக்கும் நெல்லுக்கு ஊர் வழக்கில் சுதந்திரம் என்றே பெயர். எல்லார் களத்திலும் நெல் வாங்கியவருக்கு எல்லாரிடமும் நன்றிக்கடன் உண்டு. ஆகவே யாரோ ஒருவருக்கு மட்டும் கடன்பட்டவராக அவர் இல்லை. பரிமேலழகர் கண்ட சிக்கலை ஊர் இப்படி அவிழ்த்தது: நன்றியை ஒழிக்கவில்லை, பரப்பி வைத்தது.

இந்தச் சித்திரத்தை அழகாக மட்டும் பார்த்தால் பிழை. பல ஊர்களில் நீர்பாய்ச்சி நிலமில்லாதவர். சாதியடுக்கில் கீழே வைக்கப்பட்டவர். தண்ணீரில் தனக்கென்று பங்கு இல்லாதவன் என்பதால்தான் அவரை நம்பினார்கள். அவருடைய நடுவுநிலைமைக்கு அவருடைய ஏழ்மையே ஈடாக வைக்கப்பட்டிருந்தது. அவர் பகிர்ந்ததும் மாமூல்படிதான். தலைமடைக்கு முன்னுரிமை என்பது மாமூலானால், அதை எள்ளளவும் பிசகாமல் நிறைவேற்றும் நீர்பாய்ச்சி நேர்மையானவர். கடைமடைக்காரன் மட்டும் எப்போதும் காய்வான். ஒரு பக்கமும் சாயாமல் நடப்பது வேறு, சாய்ந்தே கிடக்கும் ஏற்பாட்டை அப்படியே நடத்திக் கொடுப்பது வேறு. ஒலிபரப்பில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

வானொலியைப் பொறுத்தவரை அந்த நெல் ஒரே களத்திலிருந்து வந்தது. 1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது அதன் விளைவு வெளிப்படையாயிற்று. அகில இந்திய வானொலியை அகில இந்திரா வானொலி என்று மக்கள் கேலி செய்தனர். 1977-இல் ஜனதா ஆட்சி பி.ஜி. வர்கீஸ் தலைமையில் குழு அமைத்தது. தன்னாட்சி உள்ள ஓர் அறக்கட்டளையிடம் ஒலிபரப்பை ஒப்படைக்க வேண்டும் என்று அக்குழு 1978-இல் பரிந்துரைத்தது. பிரசார் பாரதி என்ற தன்னாட்சி நிறுவனத்துக்கான சட்டம் வந்தது 1990-இல். அது நடைமுறைக்கு வந்தது 1997-இல். நடுவில் ஏழாண்டுகள் அந்தச் சட்டம் அலமாரியில் இருந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தன்னாட்சி கேட்பதும், ஆளுங்கட்சியானதும் அதை மறப்பதும் ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குணமன்று. இடையில் 1995-இல் உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. ஆற்று நீரைப் பற்றித் தாமிரபரணிக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத கருத்து அது.

பிரசார் பாரதி சட்டத்தின் 12-ஆம் பிரிவு, குடிமக்கள் உண்மையான, பாரபட்சமற்ற செய்தியைப் பெறும் உரிமையைக் காக்கச் சொல்கிறது. மாறுபட்ட கருத்துகளையும் தரச் சொல்கிறது. தன்னுடையதென ஒரு கொள்கையை ஒலிபரப்பு நிறுவனம் பரப்பக் கூடாது என்கிறது. 23-ஆம் பிரிவு, நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை முதலிய காரணங்களுக்காக ஒன்றிய அரசு கட்டளையிடலாம் என்கிறது. பணமும் அரசிடமிருந்தே வருகிறது. 2007 அக்டோபர் 5-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களின் சம்பளச் சுமையை அரசு ஏற்றுள்ளது; 2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்புக்கு 2,539.61 கோடி ரூபாய்த் திட்டமும் ஒப்புதல் பெற்றது. மாதந்தோறும் பிரதமர் பேசும் ‘மனதின் குரல்’ 2014 அக்டோபர் 3 முதல் வானொலியில் வருகிறது. எதிர்க்கட்சித் தலைவருக்கு அப்படியொரு மாத நிகழ்ச்சி இல்லை. ‘மனதின் குரல்’ தொடங்கிய அதே நாளில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத்தின் விஜயதசமி உரையைத் தூர்தர்ஷன் நேரலை செய்ததும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

நெல்லை மாவட்டத்தில் இந்தச் சிக்கல் கூர்மையாகத் தெரிந்த இடம் கூடங்குளம். அணுமின் நிலையம் ஒன்றிய அரசுடையது; வானொலிக்குப் பணம் தருவதும் அதே அரசு. 2011, 2012-இல் இடிந்தகரையில் அதை எதிர்த்துத் திரண்டவர்களும் வரி கட்டுபவர்களே. வழக்கின் ஒரு தரப்பே அவைக்கும் சோறு போடும்போது, அவையில் அமர்ந்தவர் எவ்வளவு நல்லவரானாலும் எதிர்த்தரப்புக்கு நம்பிக்கை வராது. நடுவுநிலைமை ஒருவரின் மனநிலை மட்டுமாக இருந்தால், நல்ல மனிதர்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதிரே நிற்பவனுக்கும் அது தெரிய வேண்டும் என்றால், சம்பளப் பட்டியலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரசு வானொலியின் ஆகாசவாணி என்ற பெயரிலேயே ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. ஆகாசவாணி என்றால் அசரீரி. கம்சனுக்குக் கேட்ட குரல் போல, உடலில்லாமல் வானிலிருந்து வரும் சொல். உடல் இல்லாததற்குப் பசி இல்லை. பசி இல்லாததற்கு எசமானன் இல்லை. அசரீரி பொய் சொல்லாது என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நம்புவதற்கு அதுவே காரணம். அரசு ஒலிபரப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, அதற்கு உடலும் பட்ஜெட்டும் இருப்பதை மறைப்பதாகும். தமிழகம் வானொலி என்ற சொல்லையே விடாமல் பிடித்துக்கொண்டதற்கு மொழியுணர்வுதான் காரணம். ஆனாலும் அது தற்செயலாகக் கூடுதல் நேர்மையான சொல். ஒலி வானில் வருகிறது என்பதோடு அது நின்றுவிடுகிறது. 2023 மே மாதம் ஆங்கிலப் பெயரையும் விட்டு எங்கும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று பிரசார் பாரதி உத்தரவிட்டபோது தமிழகக் கட்சிகள் எதிர்த்தன. அடுத்த ஜனவரியில் பொதிகைத் தொலைக்காட்சி ‘டிடி தமிழ்’ ஆனது. தாமிரபரணி பிறக்கும் மலையின் பெயர், அகத்தியரோடும் தமிழோடும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர், சத்தமில்லாமல் கழன்றது.

சத்தத்தோடு நடந்தது வேறொன்று. 2024 அக்டோபர் 18-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் ஆளுநர் கலந்துகொண்ட இந்தி மாத விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடத்தைக் குறிக்கும் அடி பாடப்படாமல் போனது. கவனக்குறைவு என்று சொல்லித் தூர்தர்ஷன் வருத்தம் தெரிவித்தது. வாழ்த்தின் ஆசிரியர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பணியாற்றியவர். நெல்லைப் பல்கலைக்கழகமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1970-இல் தமிழக அரசு அந்த வாழ்த்தை ஏற்றபோது, வேறு மொழிகளோடு தமிழை ஒப்பிடும் சில அடிகளைத் தானே விட்டுவிட்டுத்தான் ஏற்றது. ஒருவர் மனம் புண்படக் கூடாதென்று விடுவதும், தனக்குப் பிடிக்காத சொல்லென்று விடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். விட்டவருக்கு அதைச் செய்யும் உரிமை உண்டா, வெளிப்படையாகச் செய்தாரா என்பவையே இரண்டையும் பிரிக்கின்றன.

சார்பைத் தவிர்க்க வானொலி கண்ட எளிய வழி பங்கு வைப்பது. காலை பக்தி இசையில் சைவ, வைணவப் பாடல்கள் முடிந்ததும் இஸ்லாமியப் பாடலும் கிறிஸ்தவப் பாடலும் ஒலிக்கும். நெல்லையப்பர் கோயிலும் மேலப்பாளையமும் பாளையங்கோட்டையின் தேவாலயங்களும் அருகருகே இருக்கும் ஊரில் இது சடங்கல்ல; ஒரே தெருவில் மூன்று வீட்டு ரேடியோவிலும் மற்றவர் பாட்டும் கேட்டது. ஆனால் பங்கு முறைக்கு ஒரு குறை உண்டு. பங்காளி என்று முன்பே ஏற்கப்பட்டவருக்கு மட்டுமே அதில் இடம். எந்தக் கடவுளையும் நம்பாத பெரியார் வழியினருக்கு அந்த அரைமணியில் பாட்டு இல்லை. தேர்தல் நேரமும் இப்படித்தான்: 1998 முதல் ஏற்கப்பட்ட கட்சிகளுக்கு அடிப்படை நேரம் சமமாகவும், கூடுதல் நேரம் முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்குக்கேற்பவும் தரப்படுகிறது. சுயேச்சையாக நிற்பவன் கடைமடைக்காரன்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை சொல்கிறார். அதைப் பலர் இரண்டு தட்டும் எப்போதும் சமமாக நிற்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறார்கள். தட்டுகள் காலியாக இருக்கும்போது சமமாக நிற்பதுதான் கோலின் நேர்மை. பொருளை வைத்த பிறகு எது கனமோ அந்தப் பக்கம் தாழ்வதே அதன் வேலை. எதை வைத்தாலும் சமமாகவே நிற்கும் தராசு பழுதான தராசு. இரு தரப்புக்கும் இரண்டிரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு உண்மை எதுவென்று சொல்லாமல் முடியும் செய்தி, சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தலாம், குறளுக்குப் பொருந்தாது. நட்பு, பகை, இரண்டுமல்லாத நொதுமல் என்று மூன்று வகையாரிடத்தும் மாறாதிருப்பதே நடுவுநிலைமை என்பார் பரிமேலழகர். நொதுமலனாக, யாருக்கும் எதுவுமில்லாதவனாக இருப்பதற்கு அந்தப் பெயர் அவர் தரவில்லை.

விளம்பரப் பணத்தில் நடக்கும் ஒலிபரப்புகள் இந்தச் சிக்கலிலிருந்து தப்பினவா என்றால், இல்லை. 1950-களில் ஒலிபரப்புத் துறை அமைச்சர் கேஸ்கர் திரைப்பாட்டை ஒதுக்கியபோது நெல்லைச் சீமை விளம்பரத்தோடு வந்த இலங்கை வானொலிக்குத் திரும்பியது. தென்கடற்கரை ஊர்களில் அது தெளிவாகக் கேட்டது. விளம்பரதாரரின் நன்றி, அரசின் நன்றியைப் போலப் பேச்சைக் கட்டாது, ஆனால் பேசுபொருளைக் கட்டும். 1993 முதல் வந்த தமிழ்த் தனியார் தொலைக்காட்சிகளில் பலவற்றின் கட்சி எதுவென்று தெரியும். தெரிவதால் பார்ப்பவர் தள்ளுபடி செய்து கேட்கிறார். பிரிட்டனில் இன்றும் தொலைக்காட்சிக்கு வீட்டுக்கு வீடு ஆண்டுக் கட்டணம் உண்டு. 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டாக இருந்தது. களத்து நெல்லுக்கு மிக அருகில் வரும் முறை அது, ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது அங்கும் அரசுதான். அமெரிக்காவில் 2025 ஜூலையில், சார்புக் குற்றச்சாட்டைச் சொல்லியே, பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது.

இந்திய நிலையங்களில் 2007-க்கு முன் சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் ஓய்வு பெற்று வருகிறார்கள். மைக் முன்னால் அமர்பவர்களில் பலர் தற்காலிக அறிவிப்பாளர்கள். மாதத்தில் சில நாள் பணி, அந்த நாளுக்கு மட்டும் ஊதியம், அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இருக்குமா என்பது பட்டியல் வரும்போதுதான் தெரியும். நிரந்தர ஊழியருக்காவது இடித்துரைத்துவிட்டு இடத்தில் இருக்கும் கும்பகருண உரிமை கொஞ்சம் இருந்தது. நாள்கூலிக்குப் பேசுபவரிடம் நன்றியையும் நடுவுநிலைமையையும் ஒருசேரக் கேட்கும்போது, இரண்டில் எது முதலில் வரும் என்பதைப் பணிப்பட்டியல் எழுதுபவர் தீர்மானிக்கிறார்.