75-வது பிரிவில் இல்லாத பதில்

பி.ஏ. அரசியல் அறிவியலில் சேருகிறவர்களில் பலர் விரும்பிச் சேருவதில்லை. பி.காம். கிடைக்காமல், வேறு எதுவும் கிடைக்காமல், கடைசியில் இங்கே வந்து ஒதுங்குவார்கள். போட்டித் தேர்வுக்கு உதவும் என்று கணக்குப் போட்டு வருகிறவர்களும் உண்டு. நான் ஒதுங்கியவன். முதலாண்டில் 'இந்திய அரசியலமைப்பு' என்று ஒரு தாள். 'குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள்' பத்து மார்க், 'பிரதமர் நியமனம்' ஐந்து மார்க் என்று பிரித்து அச்சடித்த நோட்ஸ் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். 395 பிரிவுகளோடும் 8 அட்டவணைகளோடும் பிறந்த சட்டம், பிறகும் வளர்ந்துகொண்டே போன சட்டம். அவ்வளவு பெரிய புத்தகத்தில் எல்லாமே எழுதியிருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்கள் பேராசிரியர் ஒருநாள் அந்த நினைப்பைக் கலைத்தார். "நீதாம்ப்பா குடியரசுத் தலைவர். எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சு. யாருக்கும் மெஜாரிட்டி இல்ல. யாரைக் கூப்பிடுவ? எந்தப் பிரிவுன்னு சொல்லிட்டுப் பதில் சொல்லு" என்றார். முதல் பெஞ்சில் இருந்தவன் பாய்ந்து 75 என்றான். படிக்கச் சொன்னார். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று இருந்தது. "அப்புறம்?" அப்புறம் ஒன்றுமில்லை, மற்ற அமைச்சர்களைப் பற்றிப் போய்விடுகிறது. அவன் 74-ஐப் பார்த்தான், 76-ஐப் பார்த்தான். 76-ல் அட்டர்னி ஜெனரல் உட்கார்ந்திருந்தார். "புரட்டு, எங்கேயாவது இருக்கும்" என்று அவர் சிரிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு நடந்த கதைகளைச் சொன்னார். 1989-ல் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிக இடங்கள் வைத்திருந்த காங்கிரஸை முதலில் கூப்பிட்டார் ஆர். வெங்கட்ராமன். ராஜீவ் காந்தி வேண்டாம் என்று ஒதுங்க, வி.பி. சிங்குக்கு வாய்ப்பு வந்தது. 1996-ல் சங்கர் தயாள் சர்மாவும் தனிப்பெரும் கட்சியைத்தான் கூப்பிட்டார். 161 இடங்களோடு வாஜ்பாய் பதவியேற்றார். அந்த ஆட்சி 13 நாளில் முடிந்தது. 1998-ல் கே.ஆர். நாராயணன் வேறு வழி பிடித்தார். ஆதரவுக் கடிதங்களைக் காட்டுங்கள், பிறகு கூப்பிடுகிறேன் என்றார். அ.தி.மு.க.வின் கடிதம் வந்து சேருவதற்குள் டெல்லி பட்டபாடு அப்போது பேப்பர் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். மறு ஆண்டே அந்தக் கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, மக்களவையில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது.

பிரிவு மாறவில்லை, ஒரு கமா கூட மாறவில்லை. உட்கார்ந்திருந்தவர் மாறினார், வழி மாறியது. அரசாங்கத்தைப் பற்றி அந்தத் தாளில் நான் படித்தவற்றில் பரீட்சை முடிந்த பிறகும் மனதில் தங்கியது இதுதான்.

ஏன் எழுதாமல் விட்டார்கள்? மறந்துபோய் விட்டதாகச் சொல்ல முடியாது. ஆளுநர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அறிவுரைத் தொகுப்பையே வரைவில் நான்காம் அட்டவணையாக வைத்திருந்தார்கள். 1949 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். மரபே போதும் என்று நம்பினார்கள். ஆட்சியை எப்படி நடத்துவது என்பதில் பெரும்பகுதியை எழுதாமலே காலம் தள்ளும் இங்கிலாந்தைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அரசியலமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடத்துகிறவர்கள் சரியில்லை என்றால் அது கெட்டுத்தான் போகும் என்று அம்பேத்கர் அந்த நவம்பரிலேயே எச்சரித்தார். நம்பிக்கை, எச்சரிக்கை இரண்டும் ஒரே அவையிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. ரயில் கவிழ்ந்தால் அமைச்சர் போக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவர் போனார்.

சட்டத்தின் மௌனம் எப்போதும் இப்படி நல்லவர் கையில் சிக்குவதில்லை. மக்களவை கூடிய விரைவில் துணை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93-வது பிரிவு. 2019 முதல் 2024 வரை பதினேழாவது மக்களவை முழுக்க அந்த நாற்காலி காலி. கட்சித் தாவலில் நாகரிகம் எடுபடாது என்று தெரிந்த பிறகு 1985-ல் பத்தாவது அட்டவணையை எழுதிச் சேர்த்தார்கள். தாவியவரின் பதவியைப் பறிப்பதா என்று முடிவெடுப்பவர் சபாநாயகர். எத்தனை நாளில்? அதை எழுதவில்லை. ஒரு ஓட்டையை அடைத்த பலகையிலேயே இன்னொரு ஓட்டை. 2020-ல் உச்ச நீதிமன்றம் பொதுவாக மூன்று மாதம் என்று சொல்ல வேண்டிவந்தது.

நம்முடைய நியாயமும் அவ்வளவு நேர் இல்லை. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடம்கொடுத்த அஞ்சல் மசோதாவைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அதைப் பாராட்டினோம். ஆளுநர் மசோதாவை அதேபோல் வைத்துக்கொண்டால் கொதிக்கிறோம். நானும்தான் கொதித்தேன். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தின் மசோதா மேஜையில் கிடப்பது தவறு என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பேரும் நின்றது ஒரே காலி இடத்தில்தான். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் தமிழ்நாட்டு வழக்கில் ஆளுநருக்குக் காலக்கெடு வகுத்தார்கள், பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கூடி, சட்டத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருக்கவும் கூடாது என்றார்கள். இந்த ஆண்டு முதலாண்டுப் பிள்ளைகள் இதை எந்த நோட்ஸைப் பார்த்து எழுதப்போகிறார்களோ.

குடியரசுத் தலைவருக்கு மட்டுமா இந்தக் காலி இடம் வாய்க்கிறது? ஒரு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்துவிட்டு நடையாய் நடந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவராகத் தெரியவில்லை, குரல்கூட உயரவில்லை. "இத்தனை நாள்ல குடுக்கணும்னு ரூல்ல எங்கயும் இல்லையே சார்" என்றார். சரிதான், இல்லை. எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. பேராசிரியர் புரட்டச் சொன்ன அந்தப் பக்கத்தை இவர் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் செயலாளர். வாடகைக்கு இருப்பவர் வீடு மாறும்போது சங்கம் ஒரு சான்று தரவேண்டும். அதை எப்போது தருவது என்று பைலாவில் இல்லை. லாரி வாசலில் நிற்க, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், "அண்ணே, சைன் மட்டும் பாக்கி" என்று நிற்கும்போது, போன மாதம் அவர் வீட்டுக்காரர் மீட்டிங்கில் நம்மை எதிர்த்துப் பேசியது ஞாபகத்துக்கு வருகிறது. வராது என்று சொல்கிறவர் எந்தச் சங்கத்திலும் பதவி வகித்திருக்க மாட்டார். அந்த நிமிடத்தில் எனக்கு எந்தப் பிரிவும் துணையில்லை, எந்தப் பிரிவும் தடையும் இல்லை. பேனாவை எடுப்பதா, "நாளைக்கு வாங்கம்மா" என்பதா என்பது என்னோடு போயிற்று.

எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று எங்கள் பொருளாளர் ஒரு திருத்த வரைவு கொண்டுவந்தார். மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதிலிருந்து பம்ப் செட் சாவி வரை அதில் இருந்தது. எனக்கு உடன்பாடில்லை. எதிரில் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிற விஷயம் என்றால் நாள் குறித்து எழுதிவிட வேண்டும், அங்கே யாருடைய பெருந்தன்மையையும் நம்பக்கூடாது. மற்றதை விட்டுவிடலாம், சண்டை போட்டாவது பழகிக்கொள்வோம் என்றேன். சான்று ஏழு நாளில் என்று ஒரே ஒரு வரி சேர்ப்பதாகப் பேசி முடித்தோம். பொதுக்குழு கூடி நிறைவேற்ற வேண்டும். பொதுக்குழுவைக் கூட்டுவது தலைவர் பொறுப்பு. எத்தனை நாளில் கூட்ட வேண்டும் என்று பைலாவில் இல்லை.