கூரை மாறியது, கோடு மாறியதா?

ஏழைக்கு அரசு வீடு கட்டித் தருவது தானமா, கடமையா? வயலை விளைத்தவன், சூளையிலே செங்கல் அறுத்தவன், பிறருக்கு மாடி எழுப்பியவன், தான் மட்டும் ஒழுகும் குடிசையிலே நனைகிறான் என்றால், அது தலைவிதியின் வேலையன்று, சமுதாயத்தின் சதி! பறித்ததைத் திருப்பித் தருவதற்குத் தானம் என்று பெயரில்லை. அது கடமை. இதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், அந்த வீடு எங்கே எழவேண்டும்? இதைக் கேட்போர் குறைவு. ஆகவே நாம் கேட்கிறோம்.

2010ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க முனைந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் வீடுகள் என்றது, வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. பாராட்டத்தக்க பணி! எனினும், இத்தகைய உதவியைப் பெறப் பயனாளிக்கு மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் சாலையிலே உள்ள வளவனூரைச் சுற்றியிருக்கும் சிற்றூர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆதித்திராவிடத் தோழருக்கு மனை எங்கே இருக்கும்? அவருடைய பாட்டனைச் சாதி எங்கே ஒதுக்கி வைத்ததோ, அங்கேதான்! ஓலை போய்க் கான்கிரீட் வருகிறது. ஊரும் சேரியும் என்று கிழித்த கோடோ அப்படியே கிடக்கிறது. ஓலைக் குடிசையாவது உளுத்துப் போகும், கான்கிரீட் நிலைக்குமே! சாதி வரைந்த படத்தின்மீது அரசுப் பணம் சிமெண்ட் பூசலாமா?

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். பெயர்ப் பலகை போகட்டும். அது சுட்டிய எல்லை எப்போது போகும்?

வழி தெரியாமலில்லை. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: ஆதித்திராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. எல்லோருக்கும் ஒரே தெரு, ஒரே சுடுகாடு! நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டாரக் கொழுவாரியில் 2022இல் ஒன்று திறக்கப்பட்டது. தமிழகமெங்கும் இருநூறுக்கு மேல் எழுந்தன. ஆயினும் கணக்கிடுங்கள்: இருநூறு நூறாக இருபதினாயிரம் வீடுகள். லட்சக்கணக்கான வீடுகளுக்கு முன்னே இது எம்மாத்திரம்?

"அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுப்பது அவரவர் உரிமையல்லவா?" என்பர் சிலர். ஒதுக்கப்பட்டவனுக்கு அந்த உரிமை என்றைக்கு இருந்தது? சீனரும் மலாயரும் தமிழரும் வாழும் சிங்கப்பூரிலே, அரசு அடுக்ககங்களில் ஓர் இனத்தாரே குவியாதபடி 1989 முதல் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். பொதுப் பணத்தில் எழும் வீட்டுக்குப் பொது நெறி வேண்டும் என்பதே அதன் பொருள்.

"சமத்துவம் வரும்வரை ஏழை மழையில் நனைவதா?" என்றும் கேட்பர். வேண்டாம்! மனை உள்ளவர்க்கு அவர் மனையிலே இன்றே வீடு எழட்டும். ஆனால், மனையற்றோர்க்கு அரசே நிலம் தேடி, அளந்து, பட்டா வழங்குகிறதே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது சாதியன்று, அரசு! அங்கேயும் பழைய கோட்டின் வழியே அளவுச் சங்கிலி போகுமானால், அது வறுமையின் குற்றமன்று, துணிவின்மையின் குற்றம்.

ஒரே தெருவில் குடியிருந்தால் மட்டும் சாதி செத்துவிடாது என்பதையும் அறிவோம். சுவர்கள் அடுத்தடுத்து நிற்பதால் மனங்கள் ஒட்டிவிடா. ஆனால், பிரித்தே வைத்துவிட்டு மனம் மாறக் காத்திருப்பது, விதைக்காமல் அறுவடைக்குக் காத்திருப்பது போன்றதே.

இளந்தோழர்களே! உங்கள் ஊர்க் கிராமசபையில், பேரூராட்சி மன்றத்தில், "எத்தனை வீடுகள்?" என்று கேளுங்கள். அத்தோடு நில்லாது, "எந்தத் தெருவில்?" என்றும் கேளுங்கள்!